டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். வாக்கர் பிடித்து நடப்பான், பேச்சு கொஞ்சம் இழுக்கும், ஆனால் கணக்கு நன்றாகப் போடுவான். இங்கே ஒரு தனியார் பள்ளியில் இரண்டாவது முடித்துவிட்டான். மூன்றாம் வகுப்பு மாடியில் நடக்குமாம், படி ஏற முடியாத பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது, டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கிக்கொண்டு ஸ்பெஷல் ஸ்கூலில் சேருங்கள் என்கிறார்கள். மாமியாரும் அதையே சொல்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: முதல் வேலையாக, டி.சி. கேட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. நீங்களே கேட்டு வாங்கிப் போனதாக ஆகிவிட்டால் அப்புறம் பள்ளியை யாரும் கேள்வி கேட்க முடியாது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16-வது பிரிவு அரசுப் பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் பொருந்தும். பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளை போய்வருகிற மாதிரி கட்டடம் இருக்க வேண்டும், அவனுக்குத் தேவையான வசதியும் செய்து தர வேண்டும். உங்கள் பையனுக்கு என்ன பெரிய வசதி தேவைப்படுகிறது? லிஃப்ட் கூட வேண்டாம், மூன்றாம் வகுப்பைக் கீழே மாற்றினால் போதும். ஒரு அறையை மாற்றுவதற்குப் பதிலாக ஒரு பிள்ளையை வெளியே அனுப்புவது எனக்கு ஆறவே இல்லை. கல்வி உரிமைச் சட்டமும் எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது (சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, 2016 சட்டம் பொருந்தும்).

ஸ்பெஷல் ஸ்கூல் தாழ்வு என்று சொல்ல வரவில்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. ஆனால் 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகில் உள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு, எது என்பது உங்கள் விருப்பம். தலைமை ஆசிரியரோ மாமியாரோ முடிவு செய்கிற விஷயம் இல்லை அது.

சரி, இனி என்ன? வகுப்பைக் கீழே மாற்றித் தரும்படி பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். முடியாது என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள், எழுத்து என்றதுமே பல பள்ளிகள் இறங்கி வந்துவிடும். வரவில்லையா, திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள் மனு கொடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு நகல், யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகலும் சேர்த்து. அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். 2016 சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

கை மெதுவாக ஓடினால் தேர்வில் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம்.

மனு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பு கீழேயா மேலேயா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.