கடைசி இரண்டில் எப்போதும் தப்பானதே மாட்டுகிறது

கேள்வி: சிங்கப்பூரில் பூன் லேயில் ரயில் ஏறி தினமும் ராஃபிள்ஸ் பிளேசுக்கு வேலைக்குப் போகிறேன். எம்பிஏ சேர ஜிமேட் எழுதப் போகிறேன். கணக்கில் பிரச்சினை இல்லை, ஒரு சின்னப் பத்தியில் உள்ள வாதத்தை அலசச் சொல்லும் கிரிட்டிக்கல் ரீசனிங்கில்தான் அடி வாங்குகிறேன். ஐந்து விடைகளில் மூன்றைச் சுலபமாகத் தள்ளிவிடுகிறேன். மீதி இரண்டில் தப்பானதைத்தான் எடுக்கிறேன். ரயிலில் நின்றபடியே கைப்பேசியில் நேரம் வைத்து 400 கேள்விகளுக்கு மேல் போட்டாயிற்று. திருச்சிப் பக்கம் தமிழ்வழியில் படித்தவன் நான். தமிழில் யோசிப்பதால்தான் இப்படி ஆகிறது என்கிறார் அலுவலக நண்பர். உண்மையா அக்கா?
— எஸ்.கே., பூன் லே

பதில்: நண்பருக்கு ஒரு தே-ஓ (பாலில்லாத தேநீர்) வாங்கிக் கொடுத்து அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள் தம்பி. தமிழில் யோசிப்பது இதற்கு உதவிதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் இந்தப் பரீட்சை எழுதியபோது எனக்கு வயது 36. கப்பல் சரக்குக் காப்புறுதியில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் படித்துப் படித்து யாரையும் சந்தேகப்படுகிற புத்தி வந்திருந்தது. இதெல்லாம் நமக்கு அல்வா என்றுதான் உட்கார்ந்தேன். பயிற்சிப் புத்தகத்தில் சரக்குச் சேதம் பற்றியே ஒரு கேள்வி வந்தது. என் தொழில்! அதையே தப்பாகப் போட்டேன். பத்தியில் என்ன இருந்தது என்பதை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த உண்மை எந்த விடையில் இருக்கிறது என்று தேடியிருக்கிறேன். உங்கள் ‘கடைசி இரண்டு’ விவகாரமும் அநேகமாக இதுதான்.

ஒரு கேள்வியை நானே செய்து காட்டுகிறேன். ஒரு காப்பிக்கடையில் சர்க்கரை போடாத தே-ஓ கோசோங்கின் விலையை ஜனவரி கடைசியில் 20 காசு குறைக்கிறார்கள். பிப்ரவரியில் அதன் விற்பனை இரு மடங்காகிறது. ஆகவே விலைக்குறைப்புதான் வாடிக்கையாளர்களைச் சர்க்கரையிலிருந்து திருப்பியது என்கிறார் கடைக்காரர். அவர் சொல்லாமலே நம்பிக்கொண்டிருப்பது எது?

அ) சர்க்கரை இல்லாத பானம் உடலுக்கு நல்லது.
ஆ) விலை குறைந்தது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தெரிந்திருந்தது.
இ) கடையின் மற்ற பானங்களின் விற்பனை பிப்ரவரியில் அதே மாதிரி இரு மடங்காகவில்லை.

‘அ’ உண்மையாகவே இருக்கட்டும், கடைக்காரர் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை நீங்கள் தள்ளிவிடுவீர்கள். சண்டை ஆ-வுக்கும் இ-க்கும்தான். இரண்டையும் எதிர்மறையாக்கிப் பாருங்கள். யாரோ ஒரு தாத்தாவுக்கு விலை குறைந்தது தெரியாது. சரி, தெரியாவிட்டால் என்ன? மற்றவர்கள் வாங்கியிருப்பார்கள், கடைக்காரர் பேச்சு அப்படியே நிற்கிறது. இப்போது இ. மற்ற பானங்களும் இரு மடங்கு விற்றன என்றால், பக்கத்துக் கடை மூடிக் கூட்டம் இங்கே வந்திருக்கலாம், சர்க்கரையை யாருமே விட்டிருக்க வேண்டியதில்லை. பேச்சு படுத்துவிட்டது. எதை மறுத்தால் முடிவு விழுகிறதோ அதுதான் விடை. ஆ-வில் உங்களை இழுத்தது கதைக்குப் பொருந்துகிற மாதிரி இருந்ததுதான். அதைக் கெடுத்தது ‘எல்லா’ என்ற ஒற்றைச் சொல்.

இனி உங்கள் தமிழ். ‘விலைக்குறைப்பும் காரணம்’, ‘விலைக்குறைப்புதான் காரணம்’ இரண்டும் ஒன்றில்லை என்று நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் இந்த ‘உம்’மும் ‘தா’னும் வாக்கியத்தின் ஏதோ ஓரத்தில் சின்னச் சொல்லாக நிற்கும், அவசரத்தில் கண் தாண்டிப் போய்விடும். அதனால் பத்தியின் முடிவு வாக்கியத்தை மட்டும் நான் மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். உம்-ஆ, தான்-ஆ? ஐந்து விநாடி வேலை. ஒரே இடத்தில் மட்டும் பேச்சுவழக்கு காலை வாரும். ‘சிலர் வந்தார்கள்’ என்றால் மற்றவர்கள் வரவில்லை என்று நாம் எடுத்துக்கொள்வோம். பரீட்சையில் ‘சிலர்’ என்றால் குறைந்தது ஒருவர். எல்லோருமே வந்திருந்தாலும் அது பொய்யாகாது.

அந்த 400 கேள்விகளை இனி 500 ஆக்காதீர்கள். நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரம் வைத்துப் போடுவது, தப்பு செய்யத்தான் பழக்கும். இரவு வீட்டில் பத்து கேள்வி போதும். விடைகளை ஒரு பழைய தபால் உறையால் மறைத்துக்கொள்ளுங்கள். பத்தியைப் படித்ததும் ‘ஆதாரம் இது, முடிவு இது, நடுவில் ஓட்டை இங்கே’ என்று சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டு அப்புறம் உறையை எடுங்கள். முதலில் நான்கு நிமிடம்கூட ஆகும், ஆகட்டும். பரீட்சையில் கிரிட்டிக்கல் ரீசனிங் வருகிற வெர்பல் (மொழி) பகுதிக்கு 45 நிமிடத்தில் 23 கேள்வி, ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அதில் நீளமான வாசிப்புப் பத்திகளும் உண்டு. அந்த வேகத்தைக் கடைசி மூன்று வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தப்பான கேள்விகளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். விடை ஏன் தப்பு என்று எல்லோரும் எழுதுவார்கள், நீங்கள் அந்தத் தப்பு விடை உங்களுக்கு ஏன் பிடித்தது என்று எழுதுங்கள். என் நோட்டில் 41 தப்பு சேர்ந்தபோது எண்ணிப் பார்த்தேன். பதினேழு இடத்தில் வாதத்தைப் பலவீனப்படுத்தச் சொன்ன கேள்விக்குப் பலப்படுத்தும் விடையையோ, மாற்றியோ எடுத்திருந்தேன். அறிவுக் குறையே இல்லை, கேள்வியையே படிக்கவில்லை! ரயிலில் அந்த நோட்டைப் புரட்டுங்கள். அதற்குக் கம்பியைப் பிடித்த கை போக மீதிக் கை போதும்.

கேள்வி: ஜிமேட்டில் ஒரு முறை விடை கொடுத்துவிட்டால் மாற்றவே முடியாது என்று என் மகன் பயந்து நடுங்குகிறான். அப்படியா?
— ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: முன்பு அப்படித்தான் இருந்தது. 2023 கடைசியில் வந்த புதிய வடிவத்தில், ஒரு பகுதியின் முடிவில் நேரம் மிச்சமிருந்தால் திரும்பிப் போய் மூன்று விடைகள் வரை மாற்றலாம். தம்பி பழைய புத்தகத்தை வைத்துப் படிக்கிறார் போலிருக்கிறது. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் மலிவாகக் கிடைத்ததா? அதில் உள்ள கிரிட்டிக்கல் ரீசனிங் கேள்விகள் இன்றைக்கும் உதவும், வாக்கியத் திருத்தப் பகுதியை மட்டும் தொட வேண்டாம், அது பரீட்சையிலேயே இல்லை. அப்புறம், 700 வாங்கிக் காட்டுகிறேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தால், இப்போது மதிப்பெண் 205-இலிருந்து 805 வரை, எல்லாமே ஐந்தில் முடியும் என்று சொல்லுங்கள். அவர் 695-ஓ 705-ஓதான் வாங்க முடியும்.