கேட்டதும் கேட்டவரும்: மூன்று பேர், 37 நிமிடம்

சென்ற இதழில் அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் பாட் மெத்தனியின் முதல் ஆல்பமான 'பிரைட் சைஸ் லைஃப்' கேட்கச் சொல்லியிருந்தேன். கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், அவ்வளவுதான். கேட்டவர்கள் எழுதிவிட்டார்கள். பாராட்டுக் கடிதங்களுக்கு நன்றி. சண்டைக்கு வந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

வாசகர், கோவை: பியானோ இல்லை, சாக்ஸபோன் இல்லை. கேட்கும்போது நடுவில் எதையோ காணோம் என்றே தோன்றுகிறது. இதுவா ஜாஸ்?

காணோம் என்பது சரிதான். வழக்கமாக ஒருவர் தனி வாசிக்கும்போது பியானோக்காரர் கீழே கார்டு (சேர்ந்தொலிக்கும் பல ஸ்வரங்கள்) போட்டுத் தாங்குவார். இங்கே மெத்தனி கார்டை விட்டு ஒற்றை ஸ்வரங்களில் இறங்கிவிட்டால் தாங்க ஆளில்லை. நான் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்த காலத்தில், கல்யாண வரவேற்பு மேடையில் கீபோர்டுக்காரர் வராமல் போனால் எங்களுக்குக் கை நடுங்கும். இடைவெளியை நிரப்பக் கண்டபடி வாசிப்போம். மெத்தனி நிரப்பவில்லை. அந்த இடத்தை பேஸ் வாசிக்கும் ஜாக்கோ பாஸ்டோரியஸுக்குக் கொடுத்துவிட்டார்.

ஜாக்கோவின் பேஸ் கிட்டாரில் ஃப்ரெட், அதாவது வீணையில் இருப்பதுபோன்ற குறுக்குக் கம்பிகள், கிடையாது. வீணைக்குப் பக்கத்தில் சித்திரவீணை எப்படியோ, சாதா பேஸுக்குப் பக்கத்தில் இது அப்படி: ஃப்ரெட் இல்லாததால் ஸ்வரம் வழுக்கிப் போகும், அசையும். நம் காதுக்கு இது புதிதில்லை. அதனால் உங்களுக்கு ஒரு யோசனை. முதல் பாட்டை இன்னொரு முறை போடுங்கள், கிட்டாரைக் கவனிக்காதீர்கள். பேஸை மட்டும் பாட்டாக நினைத்துக் கேளுங்கள். காணாமல் போனது கிடைக்கிறதா என்று எழுதுங்கள்.

வாசகர், மதுரை: "இது மெத்தனி ஆல்பமே இல்லை, ஜாக்கோ ஆல்பம்" என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். உங்கள் தீர்ப்பு?

நண்பருக்கு ஆசை அதிகம். எட்டு டிராக்கில் கடைசி ஒன்றுதான் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனுடைய மெட்டுகள். மற்ற ஏழும் மெத்தனி எழுதியவை. ஜாக்கோவின் சொந்த ஆல்பமும் இதே 1976இல்தான் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அதில் தன் கையில் இருப்பதையெல்லாம் கடை பரப்புகிறார். இதில் அடுத்தவர் பாட்டுக்காக அடக்கி வாசிக்கிறார். எனக்கு இந்த ஜாக்கோவைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். 'யூனிட்டி வில்லேஜ்' டிராக்கில் பேஸும் இல்லை, ட்ரம்ஸும் இல்லை. மெத்தனி தன் வாசிப்பின் மேலேயே இன்னொரு கிட்டாரையும் பதிவு செய்து வாசிக்கிறார். அதையும் ஜாக்கோ கணக்கில் எழுதுவாரா?

வாசகர், யாழ்ப்பாணம்: கிட்டார் ஏன் இவ்வளவு மந்தமாக ஒலிக்கிறது? பதிவில் கோளாறா?

கோளாறு இல்லை. கிட்டாரில் கூர்மையான ஒலியைக் கூட்டிக் குறைக்கும் டோன் குமிழை மெத்தனி குறைத்துத்தான் வைப்பார். கிட்டார் கிப்சன் இஎஸ்-175, உடல் உள்ளே வெற்றாக இருக்கும் வகை. பதிவானது 1975 டிசம்பரில், ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கில். தயாரிப்பாளர் ஈசிஎம் இசைத்தட்டு நிறுவனத்தின் மான்ஃப்ரெட் ஐஷர். ஒலியில் அவ்வளவு சுத்தம் பார்ப்பவர். கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டிருந்தீர்களானால் பாதி பேஸ் உங்கள் வீட்டுக்கே வந்து சேரவில்லை.

வாசகி, திருச்சி: எல்லோரும் கிட்டார், பேஸ் என்றே பேசுகிறார்கள். ட்ரம்ஸ்காரர் என்ன பாவம் செய்தார்?

கேட்டீர்களே, உங்களுக்குப் புண்ணியம். ட்ரம்ஸ் வாசிக்கும் பாப் மோசஸ், மெத்தனி இருவரும் வைப்ரஃபோன் கலைஞர் கேரி பர்ட்டனின் குழுவில் இருந்தவர்கள். மோசஸ் இந்த ஆல்பத்தில் அடித்து நொறுக்குவதில்லை; பெரும்பாலும் சிம்பலில் வேலை. தாளத்தை எண்ணிக் காட்டாமல் ஓடவிடுகிறார். கோல்மன் மெட்டுகள் வரும் கடைசி டிராக்கில் மூவருமே துள்ளுகிறார்கள், அங்கே அவரைத் தேடுங்கள். அப்போது மெத்தனிக்கு 21 வயது. பக்கத்தில் ஜாக்கோ. அந்த இருவருக்கும் நடுவே நிதானமாக உட்கார்ந்திருப்பது சாதாரண வேலையில்லை.

வாசகர், சென்னை: வெறும் 37 நிமிடத்துக்கு இசைத்தட்டு விலை அநியாயம் இல்லையா?

விலை அநியாயம்தான். நேரம் அநியாயம் இல்லை.

வாசகர், சேலம்: இது பிடித்துவிட்டது. மெத்தனியின் மூவர் ஆல்பங்களில் அடுத்து எது?

'ரிஜாய்ஸிங்' நல்லது, அதில் பேஸ் சார்லி ஹேடன், ட்ரம்ஸ் பில்லி ஹிக்கின்ஸ், இருவருமே கோல்மனோடு வாசித்தவர்கள். ஆனால் நான் உங்களிடம் தருவது 1989 டிசம்பரில் பதிவானது: பேஸ் டேவ் ஹாலண்ட், ட்ரம்ஸ் ராய் ஹேன்ஸ். ஹேன்ஸுக்கு அப்போது 64 வயது, கேட்டால் நம்பமாட்டீர்கள். திருச்சி வாசகியும் இதைக் கேட்கலாம், இதில் ட்ரம்ஸை யாரும் மறக்க முடியாது. ஆல்பத்தின் பெயர் 'கொஸ்டின் அண்ட் ஆன்சர்'. பெயருக்காகச் சிபாரிசு செய்கிறேன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம்.