விமானத்தில் கைத்தையல் சாமான்களைக் கொண்டுபோகலாமா? ஊசி, கத்தரியை எங்கே வைப்பது?

கேட்டிருப்பவர் காரைக்குடி ஆச்சி ஒருவர். மகளின் பேறுகாலத்துக்காக அமெரிக்கா போகிறார். திருச்சியில் ஏறி, சிங்கப்பூரில் விமானம் மாறுகிறார். பேரப்பிள்ளைக்காக மேட்டித் துணியில், அதாவது எண்ணித் தைக்கும்படி கட்டம் கட்டமாக நெய்த எம்பிராய்டரித் துணியில், தொடங்கிய தையலை வழியில் போட்டு முடிக்க ஆசை. கைப்பையில் ஊசி, நூல், கத்தரி வைக்கலாமா என்று கேட்கிறார்.

ஆச்சி, ஊசியும் நூலும் கைப்பையில் இருக்கட்டும். கத்தரியை, விமான நிலையத்தில் ஒப்படைத்துவிடுகிற பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். எத்தனை சின்னக் கத்தரியாக இருந்தாலும் சரி.

இதை அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் அப்பத்தாவிடம் ஒரு கொக்குக் கத்தரி இருந்தது. அலகுதான் வெட்டும் பகுதி, காலடியில் விரல் நுழைக்கும் இரண்டு வளையம். கொட்டானுக்கு, அதுதான் நம் பக்கத்து ஓலைக் கூடைக்கு, குரோஷாவில் விளிம்பு பின்னும்போது மடியிலேயே கிடக்கும். அப்பத்தாவுக்குப் பிறகு அது எனக்கு வந்தது. முதல் தடவை மகளைப் பார்க்கக் கிளம்பியபோது அதைக் கைப்பையில் வைத்தேன். அமெரிக்க விதியைப் படித்திருந்தேன்: திருகாணியிலிருந்து முனை வரை 4 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் கைப்பையில் அனுமதி. என் கத்தரி அதில் பாதிகூட இல்லை. அந்தத் தைரியம்தான்.

ஆனால் நான் இன்னும் அமெரிக்கா போய்ச் சேரவில்லையே! இடையில் விமானம் மாறிய ஊரில் மறுபடியும் சோதனை. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் விடவில்லை. திரும்பப் போய்ப் பெட்டியில் போட வழியில்லை, பெட்டி எப்போதோ போய்விட்டது. வெளியே கொடுத்துவிட ஆளும் இல்லை. அப்பத்தாவின் கத்தரி என் கண் முன்னே ஒரு தொட்டியில் விழுந்தது. மகள் அதே மாதிரி புதிதாக ஒன்று வாங்கித் தந்தாள். நன்றாக வெட்டுகிறது. இருந்தாலும் ஒவ்வொரு தடவை கையில் எடுக்கும்போதும் பழையது நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

நாட்டுக்கு நாடு அளவு மாறுகிறது. அமெரிக்காவில் 4 அங்குலம் என்றால் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் 6 செ.மீ. தான். திருச்சியிலும் மதுரையிலும் சோதிப்பவர்கள் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர். அவர்களிடம் போய் அமெரிக்க விதியைக் காட்டி வாதாட முடியாது. சிங்கப்பூரில் பல இடங்களில் விமானம் ஏறும் வாசலிலேயே சோதனை உண்டு. எந்த ஊரானாலும் அந்த நேரத்தில் அங்கே நிற்கிற அதிகாரி சொல்வதுதான் முடிவு. அமெரிக்காவின் சோதனைத் துறையும் தன் விதியோடு சேர்த்து இதை எழுதியே வைத்திருக்கிறது.

தையல் ஊசியைப் பொறுத்தவரை அமெரிக்காவில் தடையில்லை. குரோஷா ஊசி, பின்னல் ஊசிக்கும் அப்படியே. இருந்தாலும் பொட்டலம் பொட்டலமாக எடுக்காதீர்கள். இரண்டு போதும். பாதி போட்ட தையலிலேயே குத்தி வையுங்கள், பார்ப்பவருக்கு இது எதற்கு என்று உடனே புரியும். மேட்டித் துணிக்கு எப்படியும் மொட்டை முனை ஊசிதானே, அது இன்னும் நல்லது. மீதி ஊசிகளும் குண்டூசியும் தையல் பிரிக்கிற கத்தியும் பெட்டிக்குள் போகட்டும். கழுத்தில் தொங்கவிடுகிற வட்டமான நூல் வெட்டி என்று ஒன்று விற்கிறார்கள். பார்க்க நகை மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே பிளேடு. அமெரிக்க விதிப்படி அதுவும் பெட்டியில்தான் போக வேண்டும்.

சரி, கத்தரி இல்லாமல் நூலை எப்படி வெட்டுவது? வீட்டிலேயே வெட்டிக்கொண்டு போங்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த வேலை. எம்பிராய்டரி நூல் ஒரு கண்டு 8 மீட்டர் இருக்கும். முழம் போட்டு வெட்டினால் 17 துண்டு வரும். ஒரு முழம் என்பது ஏறக்குறைய 18 அங்குலம், தைக்கச் சரியான நீளம். அதற்கு மேல் போனால் துணியில் உரசி உரசி நூல் பஞ்சாகிவிடும், முடிச்சும் விழும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வரிசையாக ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு நிறமாகத் துண்டுகளைக் கோத்து, பக்கத்தில் நிற எண்ணை எழுதிவிடுங்கள். நம் ஊர்ப் பத்திரிகை அட்டை கெட்டியானது, மாதக்கணக்கில் தாங்கும். தைத்து முடித்த நூல் வால்களை வெட்டாமல் துணிக்குப் பின்னால் அப்படியே விட்டு வையுங்கள், மகள் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் மொத்தமாக நறுக்கிக்கொள்ளலாம். வழியிலேயே வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பல் இடுக்குக்குப் போடும் நூல் டப்பா ஒன்று போதும். அதன் மூடியில் இருக்கிற சின்னத் தகரப் பல்லில் இழுத்தால் தையல் நூலும் அறுந்துவிடும்.

பெட்டியில் போடும் கத்தரியின் முனைக்கு உறை போட்டு, துணியில் சுற்றி வையுங்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பவர் கையில் குத்திவிடக் கூடாது. துணி ஒட்டும் பசை 100 மி.லி.க்கு மேல் இருந்தால் அதுவும் பெட்டிக்கே. கழுத்தில் மாட்டும் விளக்குக்குப் பவர் பேங்க் எடுப்பதாக இருந்தால் அதற்கு நேர் மாறு, அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் கூடாது.

இன்னொன்று. திருச்சியில் உங்களை வழியனுப்ப வருகிறவர்கள் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குத் திரும்பிவிட வேண்டாம். சோதனை முடிந்து நீங்கள் போன் பண்ணும் வரை வாசலில் இருக்கட்டும். ஏதாவது ஒரு சாமானை விட மாட்டோம் என்று சொன்னால், வெளியே கொடுத்துவிட முடியுமா என்று தயங்காமல் கேட்டுப் பாருங்கள்.

விமானத்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் நல்லது, பகல் வெளிச்சத்தில் கட்டம் எண்ண முடியும். பெல்ட் விளக்கு எரிந்தால் ஊசியைத் துணியில் குத்தி மடித்து வைத்துவிடுங்கள், குலுங்கும்போது தைக்க வேண்டாம். இறங்குவதற்கு முன் இரண்டு ஊசியும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அதே இருக்கையில் அடுத்து ஒரு கைக்குழந்தை வந்து உட்காரலாம்.