டாக்டர் அம்மா பதில்கள்: கட்டி இருக்கட்டும், எங்கே இருக்கிறது?

கேள்வி: எனக்கு 33 வயது. கல்யாணமாகி மூன்று வருஷம், இன்னும் குழந்தை இல்லை. ரங்கூனில் ஸ்கேன் எடுத்ததில் கருப்பையின் இடது மேல் மூலையில், சுவருக்குள் 4 செ.மீ. அளவில் ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டி இருக்கிறது என்றார்கள். சாயம் ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயில் வலது கருக்குழாய் திறந்திருக்கிறது, இடது அடைப்பு. "அலோங் (கட்டி) இருந்தால் பிள்ளை தங்காது, எடுத்துப்போடு" என்கிறார் மாமியார். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, அம்மா?
– ஒரு வாசகி, சிரியம்

பதில்: பர்மியத்தில் 'அலோங்' என்று ஒரே வார்த்தையில் எல்லாக் கட்டியையும் அடக்கிவிடுகிறோம். தொல்லையே அங்கேதான். கருப்பைக்கு வெளிப்பக்கம் துருத்திய கட்டி பெரும்பாலும் கருத்தரிப்புக்குக் குறுக்கே வராது. உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருப்பது சின்னதானாலும் கருவை ஒட்டவிடாமல் செய்யும். அதை எடுப்பதுதான் நல்லது, வயிற்றைக் கிழிக்காமலே எடுக்கலாம். உங்களுடையது இரண்டுக்கும் நடுவே, சுவருக்குள். இதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இருப்பதில்லை.

மேல் மூலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை யோசிக்க வைத்தது. கருக்குழாய் மொத்தமே அரைச் சாண் நீளம், 10 முதல் 12 செ.மீ. அது கருப்பைச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் துவாரம் 1 மில்லிமீட்டர்கூட இராது. கட்டி குழாய்க்குள் போய் வளராது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாசலை நசுக்கலாம். பெரிய கட்டியென்றால் குழாயை இழுத்து, முட்டைப்பையை விட்டுத் தள்ளியும் வைக்கலாம்.

சரி, அப்படியானால் உங்கள் அடைப்புக்கு இந்தக் கட்டிதான் காரணமா? ஒரே ஒரு எக்ஸ்ரேயை வைத்து நான் சொல்லமாட்டேன். அந்த மூலை முழுக்கத் தசை. பயத்திலும் வலியிலும் இறுகிக்கொள்ளும், சாயம் போகாது, படத்தில் 'அடைப்பு' என்று விழும். மோல்மேனிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். மேஜையின் இரும்புக் கம்பியை விடாமல் பிடித்திருந்தார், விரலெல்லாம் வெளுத்துவிட்டது. இரண்டு பக்கமும் அடைப்பு என்று ரிப்போர்ட். அடுத்த மாதம் தசையை இளக்கும் ஊசி போட்டு, மெதுவாகச் சாயம் ஏற்றினோம். முதலில் நூலிழை போல ஒரு கோடு, அப்புறம் நுனியில் ஊதுவத்திப் புகை மாதிரி பரவியது. இரண்டு குழாயும் திறந்துதான் இருந்தன!

நிஜமாகவே அடைப்பு என்றாலும் பழி முழுவதும் கட்டிமேல் போடமுடியாது. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்ததுண்டா? அடிவயிற்றில் கிருமித் தொற்று? வீட்டில் யாருக்காவது டிபி? இந்த நாட்டில் டிபி அதிகம். அது நுரையீரலோடு நிற்காமல் கருக்குழாயையும் அரித்துவிடும். இதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள், அவர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.

கட்டியை எடுப்பதும் சும்மா இல்லை. ஆறின தழும்பில் குடல், குழாய் எல்லாம் ஒட்டிக்கொண்டு, திறந்திருக்கும் வலது குழாயும் கெட்டுப்போகலாம். சுவர் ஆற மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பிரசவமும் சிசேரியனாக முடிய வாய்ப்பு அதிகம். கட்டியைச் சுருக்கும் ஊசி போட்டால், நிறுத்தியதும் பழையபடி வளரும். மாதவிலக்கில் ரத்தம் கட்டி கட்டியாகப் போய் ரத்தசோகை வந்திருந்தால் கணக்கே வேறு. அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

எழுதாதது இன்னொன்றும் உண்டு. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன், கணவரின் விந்துப் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்களை இரண்டு மேஜைமேல் படுக்க வைத்தாயிற்று. அவர் ஒரு டப்பா கொடுத்தால் போதும். கத்தியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அது நடக்கட்டும். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது, மூன்று வருஷம் போய்விட்டது. ஒரு குழாய் திறந்திருந்தாலே கரு தங்க வாய்ப்புண்டு. உப்புநீர் ஏற்றி உள்ளறையைப் பார்க்கும் ஸ்கேன் ஒன்று கேட்டு எடுங்கள். கட்டி உள்ளறையைத் தொடுகிறதா, தள்ளியிருந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ரிப்போர்ட்டும் கணவருடையதும் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள்.