அப்பா மூடிய தொழிலும் மகளின் ஆசையும்

கேள்வி: நானும் கணவரும் மாதச் சம்பளக்காரர்கள். எங்கள் 16 வயது மகள் சொந்தத் தொழில்தான் செய்வேன் என்கிறாள். வாசனை மெழுகுவர்த்தி செய்து தோழிகளுக்கு விற்கவும் ஆரம்பித்துவிட்டாள். கணவர் பல வருடங்களுக்கு முன் ஒரு தொழில் தொடங்கி, நஷ்டத்தில் மூடியவர். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. இப்போது அவர் பயந்துபோய் மகளைத் தடுக்கிறார். இவளைத் தடுப்பதா, ஊக்குவிப்பதா? எங்களுக்கே தெரியாத ஒன்றை எப்படிச் சொல்லித்தருவது?

பதில்: தடுக்க வேண்டாம். முதுகில் தட்டித் தள்ளிவிடவும் வேண்டாம். அவள் மெழுகுவர்த்தி செய்யட்டும். உங்கள் கணவர் செய்ய வேண்டியது, மூடிய தொழிலின் கதையை அவளுக்கு முழுதாகச் சொல்வது.

தொழில் புத்தி ரத்தத்தில் வருவது என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஸ்வீடனில் தத்துப்பிள்ளைகளின் விவரங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. பெற்றோர் தொழில் செய்பவர்களாக இருந்தால் பிள்ளையும் தொழிலில் இறங்கும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுகிறது. பெற்றவர்களின் பங்கும் அதில் இருக்கிறது, ஆனால் வளர்த்தவர்களின் பங்கு அதைப் போல இரண்டு மடங்கு. அமெரிக்கச் சிறுதொழில்களைப் பற்றிய 2007-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இன்னொன்றையும் காட்டியது. தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்ததால் மட்டும் ஒருவருடைய தொழில் பெரிதாகச் செழிக்கவில்லை. குடும்பத் தொழிலில் முன்பே கைவைத்து வேலை பார்த்தவர்களுக்குத்தான் அது கைகொடுத்தது. அந்தக் கைப்பழக்கத்தைச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளையும் பெறலாம். உங்கள் மகள் ஏற்கெனவே தொடங்கிவிட்டாள்.

அவள் 40 மெழுகுவர்த்தி செய்து, 22 விற்று, 18 அலமாரியில் தேங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முகம் வாடி உட்கார்ந்திருப்பாள். அந்த 18-ஐயும் நாமே வாங்கி உறவினர்களுக்குக் கொடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த 18-ல்தான் பாடமே இருக்கிறது. தேங்கியவை எல்லாம் ஒரே வாசனையா? வாங்கியவர்களில் இரண்டாவது முறை கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர்? கடனுக்கு எடுத்துப்போன தோழியிடம் பாக்கியைக் கேட்டாளா, கூச்சப்பட்டு விட்டுவிட்டாளா? மெழுகு, திரி, வாசனை எண்ணெய் எல்லாவற்றையும் எழுதியவள், தான் உட்கார்ந்து வேலை செய்த மணி நேரத்தை எழுதினாளா? பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டாள். அதைச் சேர்த்தால் அடக்கவிலை மாறும், லாபம் என்று நினைத்தது சில சமயம் காணாமலே போகும். கேள்வியை மட்டும் நீங்கள் கேளுங்கள், கணக்கை அவளே போடட்டும்.

பணம் கேட்டால் கடனாகக் கொடுங்கள். எவ்வளவு, எப்போது திருப்புவது, போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகை எது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு மேல் ஒரு காசும் கிடையாது.

சரி, கணவர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் உறுத்தியது அந்த மௌனம்தான். தோல்வியைப் பெற்றோர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் துல்லியமாகப் பிடித்துவிடுகிறார்கள். இதைக் காட்டிய உளவியல் ஆய்வு 2016-ல் வந்தது. தோல்வி ஆளை முடக்கிவிடும் என்று நம்பும் பெற்றோரின் பிள்ளைகள், திறமை என்பது பிறவியில் வந்தது, வளர்க்க முடியாதது என்று நினைக்கும் பக்கம் சாய்கிறார்கள். வாயே திறக்காத வீட்டில் அவள் என்ன புரிந்துகொள்வாள்? அப்பாவுக்கு நடந்தது பேசக்கூட முடியாத பயங்கரம் என்றுதான்.

அதனால் அவர் சொல்லட்டும். எச்சரிக்கையாக வேண்டாம், நடந்ததை நடந்தபடி. எவ்வளவு போட்டார், சரியாக வராது என்று எந்த மாதம் மனசுக்குப் பட்டது, பட்ட பிறகும் ஏன் நிறுத்தவில்லை, கடனை எப்படி அடைத்தார், அப்புறம் எப்படி எழுந்தார். இவ்வளவு நெருக்கமான பாடத்தை அவளுக்கு வேறு யாரும் தர முடியாது. ஒரே நாளில் முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதே ஸ்வீடன் ஆய்வில், மகள்கள் விஷயத்தில் அம்மாவின் முன்மாதிரி கூடுதலாக வேலை செய்தது தெரிகிறது. நீங்கள் தொழில் செய்யவில்லை என்பதால், தெரிந்த வட்டத்தில் தொழில் நடத்தும் ஒரு பெண்ணிடம் விடுமுறையில் அவளை அனுப்புங்கள். கல்லாப்பெட்டி, கோபக்கார வாடிக்கையாளர், திரும்பி வந்த சரக்கு எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

படிப்பு என்னாகும் என்ற கவலைக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதுநிறுவனங்களை ஆராய்ந்தவர்கள் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. படித்து, வேலைக்குப் போய், அதன் பிறகு தொழில் தொடங்கினாலும் அவளுக்கு நேரம் இருக்கிறது. இதை அவளிடமும் சொல்லுங்கள். இந்த வாரம் அவள் கணக்கு நோட்டை எடுக்கும்போது, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அப்பாவை உட்காரச் சொல்லுங்கள்.