வண்டியிலேயே ஒரு கிரேன்: விறகு மரம் ஏற்றுகிறவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

பட்டுக்கோட்டை பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஊரெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தபோது, அறுத்த புளியந்துண்டுகளை வண்டியில் ஏற்ற ஆளே கிடைக்கவில்லை. அப்போது செய்ததுதான் என் முதல் கிரேன். அதற்கப்புறம் நாலைந்து வண்டிக்குச் செய்துவிட்டேன். விறகு ஏற்றுகிறவர்கள் அடிக்கடி கேட்பதை எல்லாம் எடுத்து வைத்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஒரு துண்டு எவ்வளவு எடை வரும்? நான் 200 கிலோ இருக்கும் என்று நினைக்கிறேன்.

கண்ணை நம்பாதீர்கள் தம்பி, டேப்பை எடுங்கள். குறுக்களவு 50 செ.மீ., நீளம் 2 மீட்டர் என்றால் 0.39 கன மீட்டர். பச்சைப் புளி கிட்டத்தட்ட தண்ணீர் எடை, கன மீட்டருக்கு ஒரு டன் என்று வைத்துக்கொண்டால் 390 கிலோ. குறுக்களவு பத்தே செ.மீ. கூடி 60 ஆனால் 565 கிலோ! இதனால்தான் நான் கிரேனைப் பெரிதாக்குவதற்கு முன்னால் மரத்தைச் சின்னதாக்கச் சொல்வேன். எப்படியும் விறகுக்குத்தானே போகிறது, ஒரு மீட்டராக அறுத்துவிட்டால் எடை பாதி. என் கிரேன்கள் எல்லாமே 300 கிலோவுக்குத்தான், அதற்கு மேல் நான் செய்து தருவதில்லை.

டாடா ஏஸில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நான் தடுப்பேன். அது தாங்குவதே சுமார் முக்கால் டன், கிரேன் மட்டும் 130, 150 கிலோவை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் என்ன விறகு ஏற்றுவீர்கள்? பொலிரோ பிக்கப் மாதிரி வண்டி என்றால் சரி.

கிரேன் தூணை டெக் தரையில், அதாவது சரக்கு ஏற்றும் தளத்தில், போல்ட் போட்டு நிறுத்தினால் போதாதா? 12 மி.மீ. பிளேட் போடுகிறேன்.

போதாது. முதல் தடவை நானும் இதைத்தான் செய்தேன். 12 மி.மீ. பிளேட், நாலு போல்ட், பார்க்க மலை மாதிரி நின்றது. மூன்றாம் நாள் பிளேட் ஓரத்தில் டெக் பெயின்ட் மயிரிழை மாதிரி வெடித்திருந்ததைப் பார்த்தேன், அழுக்கு என்று கட்டைவிரலால் துடைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் 250 கிலோத் துண்டு இடுப்பு உயரத்தில் தொங்கும்போது, நாலு போல்ட்டும் பிளேட்டும் அப்படியே இருக்க, டெக் தகடு மட்டும் தகர டப்பா மூடி போலக் கிழிந்து மேலே வந்தது. தூண் சாய்ந்து மரம் விழுந்தது. கீழே ஆள் இல்லை. இருந்திருந்தால் இந்தத் தொழிலையே விட்டிருப்பேன்.

தூக்குவது சுலபம், தொங்கும் எடை தூணைச் சாய்க்கப் பார்க்கும் திருப்பு விசை எங்கே போய் இறங்குகிறது என்பதுதான் முழு வேலையும். தூணிலிருந்து 2 மீட்டர் நீளும் கிரேன் கையின் நுனியில் 300 கிலோ தொங்கினால், தூணின் அடியில் 300 பெருக்கல் 2, அதாவது 600 கிலோகிராம்-மீட்டர் திருப்பம். அதை டெக் தகடு தாங்காது, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ்தான் தாங்க வேண்டும். கேபினுக்குப் பின்னால் சேசிஸின் இரண்டு சட்டத்தின் மேலும் நீளவாக்கில் 100க்கு 50 மி.மீ. சி சேனல் (C வடிவ இரும்புச் சட்டம்) ஒன்றரை மீட்டர் படுக்கப் போட்டு, குறுக்கே இரண்டு சேனல் சேர்த்து, அதன் மேல் தூணை நிறுத்துங்கள். சேனலைச் சேசிஸோடு யூ போல்ட்டால் பிடியுங்கள், முறுக்கும்போது சட்டம் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அடைப்புத் துண்டு வையுங்கள். சேசிஸின் மேல், கீழ் விளிம்பில் ஓட்டை போடக் கூடாது, வெல்டிங்கும் கூடாது, சூடு பட்ட இடத்தில்தான் பின்னால் வெடிப்பு வரும். வண்டி மேல் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்.

தூணுக்கு என்ன பைப்? எப்படிச் சுழல வைப்பது?

100க்கு 100 ஸ்கொயர் பைப், 6 மி.மீ. கனம். 300 கிலோ தொங்கும்போது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 9 கிலோ விசை வரும், சாதா இரும்பு 25 கிலோ வரை வளையாது. பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறதே என்று 4 மி.மீ.க்கு இறங்காதீர்கள், மரம் ஒரு குலுக்குக் குலுக்கினால் அந்த 9 எளிதாக 18 ஆகும்.

சுழலுவதற்குப் பைப்புக்குள் உருண்டைப் பைப் போடுவதுதான் மலிவு. உள்ளே இறங்கும் நீளம் ஒன்றரை அடியாவது வேண்டும். குறைந்தால் திருப்பம் முழுவதும் இரண்டு விளிம்பில் விழுந்து கடிக்கும், நாலு ஆள் தள்ளினாலும் சுழலாது. இரண்டு முனையிலும் தேய்மானம் தாங்கும் வெண்கல வளையம் (புஷ்), ஒரு கிரீஸ் நிப்பிள். பழைய இரும்புக் கடையில் லாரி வீல் ஹப் நல்லதாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், பேரிங்கோடு வரும்.

விஞ்ச் போடுவதா, ஹைட்ராலிக்கா?

ஒரு நாளைக்கு ஒரு லோடு என்றால், கையால் சங்கிலி இழுத்துத் தூக்கும் ஒரு டன் செயின் பிளாக்கே போதும், கைதான் கொஞ்சம் வலிக்கும். விஞ்ச் என்பது மோட்டாரில் டிரம் சுழன்று ரோப்பைச் சுற்றி இழுப்பது. 12 வோல்ட் விஞ்ச்சில் எழுதியிருக்கும் எடை டிரம்மில் முதல் சுற்றுக்கு மட்டும், சுற்று ஏற ஏற குறையும். அதுவும் சேற்றில் மாட்டிய வண்டியை இழுப்பதற்கான கணக்கு, தொங்கவிடுவதற்கு அல்ல. மரம் தொங்கும் கொக்கியில் ஒரு கப்பி போட்டு, ரோப்பின் முனையைக் கிரேன் கை நுனியில் கட்டி இரட்டிப்பாக்கினால் விஞ்ச்சுக்குப் பாதி எடைதான், வேகமும் பாதி. பல விஞ்ச்சில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. இறக்கும்போது அது கொதிக்கும், அதனால் விட்டு விட்டு இறக்குங்கள்.

தினம் ஓடுகிற வண்டிக்கு, ஆயில் அழுத்தத்தில் சிலிண்டர் கையைத் தூக்கும் ஹைட்ராலிக்தான். 50 மி.மீ. சிலிண்டர் 150 பாரில் கிட்டத்தட்ட 3 டன் தள்ளும். கேட்க அதிகமாகத் தெரியும், ஆனால் சிலிண்டர் கையைத் தூண் பக்கக் கீலிலிருந்து ஓர் அடி தூரத்தில் பிடித்தால் நுனியில் 300 கிலோவுக்கு அங்கே 2 டன் வேண்டும், சாய்வாக நின்றால் இன்னும் கூட. சிலிண்டர் வாயிலேயே, ஹோஸ் வெடித்தால் ஆயிலை உடனே அடைக்கும் ஹோஸ் பர்ஸ்ட் வால்வு போடாமல் வண்டியை வெளியே விடாதீர்கள், ஹோஸ் வெடித்தால் கை சடாரென்று விழும். ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவவும் கூடாது. ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

ரோப் கிளாம்ப் எந்தப் பக்கம் போடுவது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

எடை இழுக்கும் ரோப்பின் மேல் கிளாம்ப்பின் சேணம், அதாவது பள்ளமுள்ள அடிக்கட்டை, உட்கார வேண்டும், யூ போல்ட் வெட்டிய முனைப் பக்கம். மாற்றிப் போட்டால் எடை தாங்கும் ரோப்பையே யூ போல்ட் நசுக்கிவிடும். 8 மி.மீ. ரோப்புக்கு மூன்று கிளாம்ப், 5 செ.மீ. இடைவெளி. முதல் எடையைத் தூக்கி இறக்கிய பிறகு மறுபடி முறுக்குங்கள்.

வண்டி கவிழாதா சார்?

கணக்குப்படி 1,600 கிலோ வண்டி சமதரையில் 300 கிலோவுக்குக் கவிழாது. ஆனால் வயல் வரப்பில் மழை பெய்த மறுநாள் நிற்பீர்களே, அங்கே வண்டியின் ஸ்பிரிங் பட்டை ஒரு பக்கம் சாயும், சக்கரம் புதையும், தொங்குகிற மரம் தானாக இன்னும் வெளியே ஓடும். தூக்கும் பக்கம் திருகு ஜாக்கியில் ஒரு கால் இறக்கி, அடியில் ஓரடிச் சதுரப் பலகை போடுங்கள். மரத்தில் ஒரு வால் கயிறு கட்டித் தள்ளி நின்று திருப்புங்கள், கையால் தொடவே வேண்டாம்.

ஆர்டிஓ பிடிப்பாரா?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி வண்டியின் அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. இரும்பு வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

தம்பி, எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, மாதம் இரண்டு லோடுதான். இவ்வளவு செலவு செய்ய முடியாது.

ஐயா, உங்களுக்குக் கிரேனே வேண்டாம். மூன்றடி உயர டெக்குக்கு ஒன்பதடியில் இரண்டு சவுக்குக் கம்பைச் சாய்த்துக் கட்டுங்கள். இரண்டு கயிற்றின் நுனியை டெக்கில் கட்டி, மரத்துக்கு அடியில் விட்டு, மேலே சுற்றித் திரும்ப வண்டிக்குக் கொண்டுவந்து, மறுபக்கம் நின்று இழுங்கள். மரம் தானே உருண்டு ஏறும். சாய்வில் எடை மூன்றில் ஒரு பங்கு, கயிறு சுற்றியதால் அதிலும் பாதி. 300 கிலோ மரத்துக்கு 50 கிலோ இழுப்பு, இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 25, உராய்வுக்குக் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் தூர்ப்பக்க முனை பருமன் என்பதால் அது முந்திக்கொண்டு ஓடும், அந்தக் கயிற்றை மெதுவாக இழுங்கள். மூன்றாவது ஆள் ஆப்போடு பக்கவாட்டில் நிற்கட்டும், மரத்துக்குக் கீழே யாரும் வேண்டாம்.