உளியைத் தொடலைன்னா அது அவங்க படம் இல்லையா?

கேள்வி: போன இதழ்ல, ஆசியாவை வரைஞ்சு மர அச்சுப் படங்களா கொண்டு வந்த ஓவியர் எலிசபெத் கீத் பத்தி எழுதியிருந்தீங்க. அவங்க மரத்தைச் செதுக்கவும் இல்லை, அச்சடிக்கவும் இல்லை, எல்லாம் டோக்கியோ தொழிலாளிங்க செஞ்சது. ஆசியாவைச் சுத்திப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரம்மாவை எதுக்குத் தூக்கி வச்சு எழுதணும்?

பதில்: நீங்க சொல்ற தகவல் சரி, அதை வச்சு நீங்க குடுக்குற தீர்ப்புதான் சரியில்ல. ஜப்பான்ல மர அச்சுப் படம்னாலே ஒருத்தர் வரைவார், இன்னொருத்தர் செதுக்குவார், வேற ஒருத்தர் கலருக்கு ஒரு பலகையா வச்சு அச்சடிப்பார், பணத்தைப் போட்டு எல்லாரையும் வேலை வாங்குறது பதிப்பாளர். ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட புகழ்பெற்ற 'பெரிய அலை' படமும் இப்படி வந்ததுதான், பலகையைச் செதுக்குனது அவர் கை இல்ல, ஆனா அதை ஹொகுசாய் படம்னுதானே சொல்றோம்? ஸ்காட்லாந்துல பொறந்த ஒரு பொம்பளைக்கு மட்டும் ஏன் வேற அளவுகோல்?

அடுத்து, சுத்திப் பார்க்க வந்தவங்கன்னு சொல்றீங்க. 1915ல டோக்கியோவுல இருந்த சகோதரி வீட்டுக்கு வந்தாங்க, வந்தவங்க வருஷக்கணக்கா தங்கிட்டாங்க. 1919 மார்ச் 1ல கொரியா மக்கள் ஜப்பான் ஆட்சிக்கு எதிரா தெருவுல இறங்குனாங்க, அடி, உதை, ஜெயில்னு ஜப்பான்காரங்க அதை நசுக்குனாங்க, அந்த நேரத்துல கீத் கொரியாவுக்குப் போய் உட்கார்ந்து வரைஞ்சாங்க. அதுல ஒரு விதவையோட படம் இருக்கு, போராட்டத்துல கலந்துக்கிட்டதுக்காக ஜெயில்ல சித்திரவதை பட்டு வெளிய வந்தவங்க அந்தம்மா, அவ்வளவு பட்டும் அமைதியா உட்கார்ந்திருக்காங்க. தயவுசெஞ்சு அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் டூரிஸ்ட்னு சொல்லுங்க. கொரியாவுல வரைஞ்ச படங்களை டோக்கியோவுல பார்த்துட்டுதான் பதிப்பாளர் வதனபே ஷோசபுரோ இதை மர அச்சா கொண்டு வரலாம்னு அவங்களைக் கேட்டாரு, நிலா வெளிச்சத்துல சியோல் கிழக்கு வாசல் நிக்குற படம் அப்படி வந்தது. 1921ல சியோல்லயே கண்காட்சியும் வச்சாங்க. எல்லாப் படமும் இந்த ரகம்னு சொல்ல மாட்டேன், பண்டிகை, பட்டுத்துணி, அழகான குழந்தைங்கன்னு வெறும் அழகோட நின்னுபோனதும் நிறைய இருக்கு.

தன் கையாலயே செதுக்கணும்னு நினைச்சவங்களும் அப்போ இருந்தாங்க. டோக்கியோவுல பொறந்த அமெரிக்கப் பொண்ணு லிலியன் மில்லர் பலகை வெட்டி, மை பூசி, அச்சும் தானே போட்டாங்க. கீத் கூட பின்னாடி இங்கிலாந்துல கலர் எட்சிங், அதாவது உலோகத் தகட்டுல அமிலத்தால கோடு அரிச்சு அச்சடிக்கிற முறை, கத்துக்கிட்டாங்க. அது வேற வழி, அவ்வளவுதான்.

உங்க கேள்விக்குள்ள நியாயமான ஒரு கோபம் இருக்கு, அதை விட்டுட்டு கீத் மேல பாய்ஞ்சிட்டீங்க. அந்தப் பலகைகளைச் செதுக்குனவங்க யாரு, அச்சடிச்சவங்க யாரு? மியூசியம் லேபிள்ல பெரும்பாலும் ஓவியர் பேரும் பதிப்பாளர் பேரும்தான் இருக்கு. இத்தனைக்கும் ஹொகுசாய், எகவா தொமெகிச்சிங்கிற செதுக்குறவர்தான் வேணும்னு பதிப்பாளருக்கு லெட்டர் எழுதிக் கேட்டவரு, அந்தக் கை எவ்வளவு முக்கியம்னு வரையிறவருக்குத் தெரிஞ்சிருக்கு. வதனபே பட்டறைல வேலை பார்த்தவங்க பேரையும் லேபிள்ல போடச் சொல்லிக் கேளுங்க, நானும் உங்களோட சேர்ந்து கேட்கிறேன். அதுக்காக கீத் பேரை அழிக்கணும்னா நான் ஒத்துக்க மாட்டேன்.